1.250 என்றால் எத்தனை? நாட்டுக்கு நாடு மாறும் எண் வடிவமும் மென்பொருளும்

ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற ஒரு பட்டறைக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் ஷீட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1.250 என்று இருக்கிறது. ஒன்றேகால் கல் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால், பார்க்கிற ஆள் "ஆயிரத்து இருநூற்றைம்பது கல் போல" என்று தானாகவே புரிந்துகொள்வார். காரைக்குடியில் ஏதோ ஒரு மேசைமேல் இருக்கிற கணக்கு மென்பொருளுக்கு அந்தச் சந்தேகமே வராது. 1.25 என்று எடுத்துக்கொண்டு, எந்த எச்சரிக்கையும் காட்டாமல், ஒன்றேகால் கல்லுக்கு பில் போட்டுவிடும்.

அனுப்பியவர் தப்பாக எழுதவில்லை. ஜெர்மனியில் ஆயிரத்து இருநூற்றைம்பதை அப்படித்தான் எழுதுவார்கள். அதே 1.250, குவைத்தில் கடை வைத்திருக்கிற ஒருவர் தேன்குழலுக்கும் சீப்புச்சீடைக்கும் போட்ட விலையாக இருந்தால் ஒரு தினார் 250 ஃபில்ஸ் என்று பொருள், ஏனென்றால் ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ். நம் ஊர் எடை மெஷின் சீட்டில் இருந்தால் ஒன்றேகால் கிலோ. ஐந்து எழுத்துகள்தான், படிப்பதற்கு இரண்டு வழி. வித்தியாசம் ஆயிரம் மடங்கு. எழுத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல மனிதனாலும் முடியாது, நிரலாலும் முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான் போகிறது: யார், எந்த நாட்டு வழக்கத்தில் எழுதினார் என்ற தகவல் எண்ணோடு கூடவே வரவேண்டும். அது வராத இடத்தில் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

எண் ஒன்று, எழுத்து வேறு

கணினியின் நினைவகத்தில் 1250 என்பது ஒரு மதிப்பு. அதற்குக் கமாவும் கிடையாது, புள்ளியும் கிடையாது. திரையில் காட்டும்போதும், காகிதத்தில் அச்சிடும்போதும், கோப்பில் எழுதும்போதும்தான் அது எழுத்தாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு நிரலர்கள் ஃபார்மேட் என்பார்கள். எழுத்தைப் படித்து மறுபடி மதிப்பாக்குவது பார்ஸ். ஃபார்மேட்டில் தவறினால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பார்ஸில் தவறினால் மதிப்பே மாறிவிடும், அது அடுத்தடுத்த கணக்கில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் காட்டுவதைவிடப் படிப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

எங்கே எப்படி எழுதுகிறார்கள்

இரண்டு விஷயங்கள் ஊருக்கு ஊர் மாறும். தசமத்தைப் பிரிப்பது எந்தக் குறி? பெரிய எண்ணைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பது எந்தக் குறி, எத்தனை இலக்கத்துக்கு ஒரு முறை?

1. இந்தியா: 12,34,567.50. முதலில் மூன்று இலக்கம், அப்புறம் இரண்டு இரண்டாக. லட்சம், கோடி என்று சொல்வதற்குத் தோதான பிரிப்பு.

2. அமெரிக்கா, பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர்: 1,234,567.50. எல்லாமே மூன்று மூன்றாக.

3. ஜெர்மனி, இத்தாலி, பிரேசில், வியட்நாம், இந்தோனேசியா: 1.234.567,50. புள்ளியும் கமாவும் இடம் மாறி நிற்கும்.

4. பிரான்ஸ்: 1 234 567,50. பிரிப்பது இடைவெளி. அந்த இடைவெளியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

5. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதி: 1’234’567.50. மேற்கோள் குறி மாதிரி ஒன்று.

செட்டிநாட்டு நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன ஊர்களை மட்டும் எடுத்தாலே இதில் பாதி வந்துவிடும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கமா-புள்ளி. சைகோனிலும் மேடானிலும் புள்ளி-கமா. அங்கே கிட்டங்கியில், அதாவது அவர்களுடைய வியாபார இடத்தில், உட்கார்ந்து கணக்கு எழுதிய காலத்தில் எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே வழக்கத்தில் பழகியவர்கள், சிக்கல் இல்லை. இன்றைக்கு வியட்நாமிலிருந்து வரும் ஒரு கோப்பை தேவகோட்டையில் திறப்பது இரண்டு மென்பொருள்கள், அவை ஒன்றையொன்று எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

உலகத்துக்கே ஒரே வழக்கம் வைத்துவிடலாமே என்று தோன்றும். அறிவியல் உலகம் முயன்றது. 2003இல் கூடிய எடைகள் அளவைகள் பொது மாநாடு, தசமக் குறியாகப் புள்ளியும் இருக்கலாம், கமாவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. மூன்று மூன்றாகப் பிரிக்க இடைவெளி விடலாம், ஆனால் அந்த இடத்தில் புள்ளியோ கமாவோ போடக் கூடாது என்றது. அளவில் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கிற நல்ல விதிதான். கடையில் பில் போடுகிறவர் எவரும் அதைப் பின்பற்றுவதாகத் தெரியவில்லை.

லொக்கேல்: மொழி மட்டும் போதாது

ஒரு பயனர் எந்த மொழி, எந்த நாடு என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்கிற சிறு குறியீட்டுக்கு லொக்கேல் என்று பெயர். தமிழ்-இந்தியா ஒன்று, தமிழ்-சிங்கப்பூர் இன்னொன்று. ஒவ்வொரு லொக்கேலுக்கும் எண், தேதி, நாணயம் எல்லாம் எப்படி எழுதப்படும் என்ற விவரத்தை யூனிகோட் அமைப்பு சிஎல்டிஆர் என்ற தரவுத்தொகுப்பாகப் பராமரிக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஜாவா என்று பெரும்பாலானவை உள்ளே எடுத்துப் பார்ப்பது இந்தத் தொகுப்பைத்தான். ஜாவா 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பாக வைத்துக்கொண்டது.

இதில் நமக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒரு விஷயம்: சிஎல்டிஆரில் தமிழ்-இந்தியாவுக்கு 12,34,567 என்ற பிரிப்பு, தமிழ்-மலேசியாவுக்கும் தமிழ்-சிங்கப்பூருக்கும் 1,234,567 என்ற பிரிப்பு. சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கிற அண்ணனும் பள்ளத்தூரில் இருக்கிற தம்பியும் ஒரே தமிழில் பேசினாலும், தொகையை எழுதும்போது பிரிந்துவிடுகிறார்கள். ஆகவே "பயனர் தமிழைத் தேர்ந்தெடுத்தார், தமிழ் வடிவம் போட்டுவிடு" என்று எழுதுகிற நிரல் பாதிப் பேருக்குத் தவறு. ஸ்பானிஷுக்கும் இதே கதை: ஸ்பெயினில் தசமத்துக்குக் கமா, மெக்சிகோவில் புள்ளி.

இன்னொன்று, லொக்கேலும் நாணயமும் ஒன்றல்ல. சிங்கப்பூர்க்காரர் ரூபாயில் தொகையைப் பார்க்கலாம். காரைக்குடிக்காரர் தினாரில் பில் போடலாம். எத்தனை தசம இலக்கம் என்பதை முடிவு செய்வது நாணயம்: ரூபாய்க்கு 2, ஜப்பானிய யென்னுக்கு 0, குவைத் தினாருக்கு 3. புள்ளியா கமாவா என்பதை முடிவு செய்வது பார்க்கிறவரின் லொக்கேல். நாணயத்தை லொக்கேலிலிருந்து ஊகித்து எடுக்கிற நிரல்களை இன்னமும் பார்க்கலாம், சிங்கப்பூரிலிருந்து திறந்தவுடன் ₹5,000 என்பது 5,000 சிங்கப்பூர் டாலராக மாறி நிற்கும். மாற்று விகிதம் எதுவும் போடாமல் வெறும் குறி மட்டும் மாறும், அதுதான் கொடுமை.

படிக்கும்போது எது எப்படி உடையும்

ஒவ்வொரு நிரல்மொழிக்கும் ஒரு குணம் இருக்கிறது. சில சத்தம் போட்டு விழும், சில சத்தமே இல்லாமல் தப்பான எண்ணைக் கையில் கொடுக்கும். சத்தம் போடுவதே மேல்.

1. ஜாவாஸ்கிரிப்ட். எழுத்தை எண்ணாக்குகிற பார்ஸ்ஃபுளோட் என்ற செயலுக்கு "1,25,000" என்று கொடுத்தால் 1 என்று பதில் வரும். முதல் கமாவில் நின்றுவிட்டு, படித்த வரைக்கும் போதும் என்று இருந்துவிடும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாய் ஆகிவிட்டது. அதே எழுத்தை நம்பர் என்ற செயலிடம் கொடுத்தால், எண்ணே இல்லை என்று சொல்லிவிடும், அது நல்லது. எண்களை லொக்கேல்படி அழகாகக் காட்ட இந்த மொழியில் இன்ட்ல் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் லொக்கேல்படி படிக்க உள்ளே எதுவும் இல்லை, நாமேதான் எழுத வேண்டும்.

2. ஜாவா. எண்ணைப் படிக்கவும் காட்டவும் உள்ள நம்பர்ஃபார்மேட்டில் அமெரிக்க லொக்கேலை வைத்து "12,50" என்று கொடுத்தால் 1250 வரும். கமா எந்த இடத்தில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, எடுத்துப் போட்டுவிடும். "1.234,56" கொடுத்தால் 1.234 வரும், மிச்சத்தை விட்டுவிடும். முழு எழுத்தும் படிக்கப்பட்டதா என்று, எதுவரை படித்தது எனக் காட்டும் பார்ஸ்பொசிஷனை வைத்துச் சரிபார்த்தால் இரண்டாவது மாட்டும், முதலாவது அப்போதும் தப்பித்துவிடும்.

3. சி ஷார்ப். டபுள் பார்ஸ், லொக்கேல் எதையும் சொல்லாமல் கூப்பிட்டால், அந்தக் கணினியின் லொக்கேலை எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் விண்டோஸில் "1.5" கொடுத்தால் 15 என்று வரும். நம் ஊரில் எழுதி, நம் ஊரில் சோதித்து, எல்லாம் சரியாக இருந்த நிரல் வாடிக்கையாளரின் கணினியில் பத்து மடங்கு காட்டுவது இதனால்தான்.

4. பைத்தான். ஃபுளோட் செயல் லொக்கேலைப் பார்க்காது, "1,250" கொடுத்தால் உடனே பிழை காட்டும். எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் காட்டும்போது கமா போடச் சொன்னால் மேற்கத்திய முறையில் மூன்று மூன்றாகத்தான் போடும். 12,34,567 வேண்டுமென்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.

5. சி. செட்லொக்கேல் என்ற ஒரே அழைப்பு மொத்த நிரலுக்கும் தசமக் குறியை மாற்றிவிடும். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் நீங்கள் சேர்த்துக்கொண்ட ஏதோ ஒரு நூலகம் கூப்பிடலாம். அதற்கு அப்புறம் 0.75 என்று இருக்கிற அமைப்புக் கோப்பைப் படித்தால் 0 வரும்.

6. எக்செல் மேக்ரோ. வால் என்ற செயலுக்கு எப்போதும் புள்ளிதான் தசமம், "12,50" கொடுத்தால் 12. சிடபிள் என்ற செயல் கணினியின் அமைப்பைப் பார்க்கும், அமெரிக்க அமைப்பில் அதே "12,50" 1250 ஆகும். ஒரே மேக்ரோவில் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுதும் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. காரைக்குடியின் இடம் தோராயமாக 10.07, 78.78. இந்த இரண்டு எண்களையும் வரைபட இணைப்பில் சேர்க்க, ஜாவாவில் ஸ்டிரிங் ஃபார்மேட்டை லொக்கேல் சொல்லாமல் பயன்படுத்தினால், ஜெர்மன் மொழி வைத்திருக்கிற ஃபோனில் 10,07,78,78 என்று போகும். இரண்டு எண் நான்காகிவிட்டது. டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில் இப்படி எண்ணை எழுத்தாக ஒட்டினாலும் இதேதான்: 12,50 என்பது இரண்டு மதிப்புகளாகப் போய் விழும். அங்கே பத்தி எண்ணிக்கை பொருந்தாமல் பிழை வந்தால் அதிர்ஷ்டம்.

எக்செல், சிஎஸ்வி: அதிகம் அடிபடுகிற இடம்

சிறு ஏற்றுமதிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் நிரலில் வருவதைவிட எக்செலில்தான் அதிகம் வரும். சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துக் கோப்பு. பத்திகளைக் கமா பிரிக்கும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனால் தசமத்துக்கே கமா போடுகிற நாட்டில் அது எப்படி ஓடும்? அதனால் ஜெர்மன் எக்செல் சிஎஸ்வி எழுதும்போது அரைப்புள்ளி போடும். அந்தக் கோப்பை இங்கே இரட்டை கிளிக் செய்து திறந்தால் எல்லாப் பத்தியும் குழம்பிக் கிடக்கும். இங்கிருந்து போகிற கமா கோப்பு அங்கே ஒரே கட்டத்தில் மொத்தமாக விழும்.

இது கண்ணுக்குத் தெரிகிற சிக்கல், சமாளித்துவிடலாம். தெரியாதது அடுத்தது. சரி, அரைப்புள்ளி போட்டே அனுப்புவோம் என்று முடிவு செய்து, விலையை மட்டும் நம் வழக்கப்படி 12.05 என்று விட்டால், ஜெர்மன் எக்செல் அதை மே 12 என்று தேதியாக்கிவிடும். அங்கே தேதியை நாள், புள்ளி, மாதம் என்றுதான் எழுதுவார்கள். 45.50 என்ற விலை பிழைத்துக்கொள்ளும், 45ஆவது நாளோ மாதமோ கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரே பத்தியில் சில விலைகள் தேதியாகவும் சில எழுத்தாகவும் கிடக்கும், கூட்டுத்தொகை மட்டும் ஏதோ ஒன்று வரும்.

எதிர்ப்பக்கம் பார்த்தால், அவர்கள் அனுப்பிய 1.250 நம் எக்செலில் 1.25 என்று உட்காரும். கடைசிப் பூஜ்யம் போய்விடுவதால் முதலில் என்ன இருந்தது என்பதற்கான ஒரே தடயமும் அழிந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வழி இருக்கிறது. சிஎஸ்வியை இரட்டை கிளிக் செய்து திறக்காமல், எக்செலின் தரவு மெனு வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். அங்கே இருக்கிற பவர் கொயரி என்ற கருவியில் ஒவ்வொரு பத்திக்கும் "இது ஜெர்மன் லொக்கேலில் எழுதிய எண்" என்று தனியாகச் சொல்ல முடியும். பழைய எக்செலிலும் பத்திகளைப் பிரிக்கிற கருவியில், மேம்பட்ட அமைப்பு என்ற இடத்தில், தசமக் குறி எது, பிரிகுறி எது என்று கேட்கும். பலர் அந்தத் திரையைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள்.

விண்டோஸின் வட்டார அமைப்பை இந்தியா என்று வைத்தால் எக்செல் லட்சம், கோடியாகவே பிரிக்கும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தாக வேண்டும், ஆனால் நம் பிரிப்பு வேண்டும் என்பவர்கள் தனிப்பயன் வடிவத்தில் இதைப் போடுகிறார்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடியும் அதற்கு மேலும் ஒரு விதி, லட்சத்துக்கு ஒரு விதி, மிச்சத்துக்கு மூன்றாவது விதி. வேலை செய்யும். ஆனால் கழித்தல் தொகை வந்தால் முதல் இரண்டு நிபந்தனையிலும் சேராமல் மூன்றாவதில் விழுந்து -1,234,567 என்று மேற்கத்திய பிரிப்பில் நிற்கும். வரவு ஒரு மாதிரி, பற்று ஒரு மாதிரி. வங்கிக்குக் கொடுக்கிற தாளில் இது இருந்தால் மேலாளர் இரண்டு முறை பூஜ்யம் எண்ணிப் பார்ப்பார்.

கண்ணுக்குத் தெரியாத குறிகள்

பிரெஞ்சு எண்ணில் இருக்கிற இடைவெளி, விசைப்பலகையில் தட்டுகிற இடைவெளி இல்லை. வரி முடிவில் எண் பாதியாக உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, உடையாத இடைவெளி என்ற தனி எழுத்து அங்கே வரும். 2018இல் சிஎல்டிஆர் அதையும் மாற்றி, இன்னும் குறுகலான ஒரு உடையாத இடைவெளியைப் பிரெஞ்சுக்கு வைத்தது. அச்சில் அழகு. ஆனால் பயனர் சாதாரண இடைவெளி தட்டி "1 250" என்று எழுதினால், ஜாவாவின் பிரெஞ்சு பார்ஸர் அந்த இடைவெளியை அடையாளம் தெரியாமல் 1 என்று நிறுத்திவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பிழையைத் தேடுகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

2022இல் வந்த சிஎல்டிஆர் 42 இதே குறுகிய இடைவெளியை ஆங்கில நேரத்தில் முற்பகல், பிற்பகல் குறிக்கும் எழுத்துகளுக்கு முன்னால் கொண்டுவந்தது. அதை உள்ளே எடுத்துக்கொண்ட ஜாவா 20இலும், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் என்ற மென்பொருளின் பதிப்புகளிலும் அதுவரை ஓடிய எத்தனையோ நிரல்கள் நேரத்தைப் படிக்க முடியாமல் நின்றன. குரோம் பழைய இடைவெளிக்கே திரும்பிப் போனது. யாரும் ஒரு வரி நிரலைக்கூட மாற்றவில்லை, அடியில் இருந்த தரவு மட்டும் மாறியது. காட்டுவதற்காகச் செய்த எழுத்தைத் திரும்பப் படிக்காதே என்று பழைய நிரலர்கள் சொல்வது இதற்காகத்தான்.

கழித்தல் குறியும் அப்படியே. ஸ்வீடிஷ், நார்வேஜியன் லொக்கேல்களில் சிஎல்டிஆர் போடுவது விசைப்பலகையின் சிறுகோடு இல்லை, கணிதத்தின் உண்மையான கழித்தல் குறி. அதை நகலெடுத்து ஒட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணே இல்லை என்றுவிடும்.

ஐந்தொகையும் தமிழ் எண்களும்

செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் கிடக்கிற பழைய பேரேடுகளையும் ஐந்தொகை என்கிற இருப்புநிலைக் கணக்குகளையும் கணினியில் ஏற்ற நினைப்பவர்களுக்கு இது தனிப் பாடம். தமிழ் எண்களில் இரண்டு முறை உண்டு. ஒன்று, ௦ முதல் ௯ வரை வைத்து இன்றைய இடமதிப்பு முறையில் எழுதுவது: ௨௫௦௦. இன்னொன்று பழைய முறை, பூஜ்யமே இல்லாமல் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று போடுவது: ௨௲௫௱. இரண்டும் இரண்டாயிரத்து ஐந்நூறுதான். யூனிகோடில் பூஜ்யத்துக்கு எழுத்தே 2005இல்தான் வந்தது. இரண்டு முறைகளுக்கும் சிஎல்டிஆர் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது.

பைத்தானிடம் "௨௫௦௦" என்று கொடுத்தால் 2500 என்று அழகாகப் படித்துவிடும், யூனிகோடில் இலக்கம் என்று குறிக்கப்பட்ட எதையும் அது ஏற்கும். ஜாவாவின் இன்டிஜர் பார்ஸும் ஏற்கும். ஜாவாஸ்கிரிப்ட் ஏற்காது. "௨௲௫௱" என்றால் பைத்தானும் கையை விரித்துவிடும், ஏனென்றால் ௲ ஓர் இலக்கம் இல்லை, ஒரு மதிப்பு. முன்னால் இருப்பதைப் பெருக்கிக் கூட்டுகிற சிறு நிரலை நாமே எழுத வேண்டும். முன்னால் எதுவும் இல்லாத ௱ நூறு என்பதையும் அதில் மறக்கக் கூடாது. அப்புறம் பின்னங்கள் இருக்கின்றன, 320இல் ஒன்றான முந்திரி வரைக்கும். அவற்றையும் பழைய கணக்குக் குறிகளையும் சேர்த்து 51 எழுத்துகளை யூனிகோட் 2019இல் தனித் தொகுதியாகச் சேர்த்தது, ஆனால் அவற்றைக் காட்டுகிற எழுத்துருக்கள் இன்னும் குறைவு.

பழைய ஏட்டோடு சம்பந்தமே இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு கவனம் தேவை. "இலக்கம் மட்டும்தான் இருக்கிறதா" என்று சோதிக்கிற வடிவச் சோதனை பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் தமிழ் இலக்கத்தையும் சரி என்று விடும். பைத்தானில் அடுத்த படியும் அதைப் படித்துவிடும். சி ஷார்ப்பில் அடுத்த படி படிக்காது, சோதனை தாண்டியும் நிரல் விழும்.

நிரலை எப்படி அமைக்கலாம்

1. உள்ளே ஒரே வடிவம். டேட்டாபேஸ், நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் என்ற எழுத்து வடிவம், சர்வருக்கும் சர்வருக்கும் இடையே போகும் செய்தி எல்லாவற்றிலும் கமா இல்லாத, புள்ளி மட்டும் உள்ள எண். ஜேசனின் விதியே அதுதான். சி ஷார்ப்பில் இதற்கு இன்வேரியன்ட் கல்ச்சர், ஜாவாவில் லொக்கேல் ரூட். எழுதும்போதும் படிக்கும்போதும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், கணினியின் இயல்பை நம்பாதீர்கள்.

2. லொக்கேல் திரைக்கு மட்டும். பயனருக்குக் காட்டும் கடைசி நொடியில் ஃபார்மேட், பயனரிடமிருந்து வாங்கும் முதல் நொடியில் பார்ஸ். நடுவில் எங்கும் எழுத்து வடிவில் எண் உலவக் கூடாது.

3. பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக வைக்காதீர்கள், 0.1 என்பதைக்கூட அதில் துல்லியமாக வைக்க முடியாது. பைசாவில் முழு எண்ணாகவோ, டெசிமல் வகையிலோ வையுங்கள். பைசா என்று வைத்தால் நூறால் வகுக்கலாம் என்று எல்லா நாணயத்துக்கும் எழுதிவிடாதீர்கள்: தினாருக்கு ஆயிரம், யென்னுக்கு வகுத்தலே கிடையாது.

4. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்புக்கும் அனுப்புகிறவரின் லொக்கேலை ஒரு முறை கேட்டு, அவர் பெயரோடு சேர்த்துச் சேமியுங்கள். மூன்று வரி பார்த்துத் தானாகக் கண்டுபிடிக்கிற புத்திசாலித்தனம் வேண்டாம். 1.234.567,50 வந்தால் சந்தேகமில்லை, ஆனால் பெரும்பாலான ஆர்டர்களில் அப்படிப்பட்ட எண் வராது, 1.250 தான் வரும்.

5. பார்ஸ் செய்ததைத் திருப்பிக் காட்டுங்கள். பயனர் 1.250 என்று அடித்துவிட்டு நகர்ந்ததும் கட்டத்துக்குக் கீழே "ஆயிரத்து இருநூற்றைம்பது கல்" என்று எழுத்தில் வந்தால், தவறு அங்கேயே பிடிபடும். காசோலையில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

6. சோதனையை ஜெர்மன், பிரெஞ்சு, தமிழ்-இந்தியா, அரபு-எகிப்து லொக்கேல்களில் ஓட்டிப் பாருங்கள். கடைசியானது இலக்கங்களையே மாற்றிவிடும், ஒளிந்திருக்கிற பிழைகள் அதில்தான் அதிகம் வெளியே வரும்.

வலைப்பக்கத்தில் எண் வகை உள்ளீட்டுக் கட்டம் வைத்தால், பயனர் கண்ணுக்குக் கமா தெரிந்தாலும் நிரலுக்கு வருவது புள்ளி வைத்த எண்தான், அதனால் அது கொஞ்சம் பாதுகாப்பு. ஆனால் 1,25,000 என்று பிரித்துக் காட்ட அது விடாது என்பதால் பலர் சாதாரண எழுத்துக் கட்டத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே கலந்துபோன கணக்கை என்ன செய்வது

புதிதாக எழுதுவது சுலபம். பல வருடத்து ஆர்டர்கள் உள்ளே கலந்து கிடந்தால்? மூன்று தசம இலக்கம் உள்ளவற்றைத் தேடலாம் என்று முதலில் தோன்றும். 1.250 உள்ளே போனதும் 1.25 ஆகிவிட்டதே, அந்தத் தேடலில் 1.250, 3.500 போன்றவை சிக்காது, 1.275 போன்றவைதான் சிக்கும். குவைத் பில்களில் பல நிரபராதியாக வந்து மாட்டும்.

கைகொடுப்பது வேறு: ஒரே வரியில் எண்ணிக்கை, விலை, மொத்தத் தொகை மூன்றும் இருக்கும். எண்ணிக்கையை விலையால் பெருக்கி, எழுதியிருக்கிற மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால் அந்த வரியில் ஏதோ ஒன்று மட்டும் கெட்டிருக்க வாய்ப்பில்லை. விகிதம் சரியாக 1000 என்று வந்தால் எங்கோ ஆயிரத்தின் புள்ளியைத் தசமமாகப் படித்திருக்கிறார்கள். 100 என்று வந்தால் தசமக் கமாவைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள், 12,50 என்பது 1250 ஆன கதை. வேறு ஏதாவது வந்தால் தள்ளுபடியோ வரியோ இருக்கும், அதற்கு லொக்கேல் காரணமில்லை. கிடைத்த வரிகளை அனுப்பியவர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு சில நாட்டு வாடிக்கையாளர்களின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். எண்ணிக்கையோ விலையோ ஏதாவது ஒன்றும் மொத்தமும் ஒரே மடங்கில் கெட்டுப்போன வரிகள் இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால், அந்த வாடிக்கையாளர்களின் மற்ற ஆர்டர்களையும் எடுத்து, அவர்கள் அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கும்போது எக்செலில் வேண்டாம், நோட்பேடில்.